மணியகாரர் வீட்டுப் படலையும் ரஷ்ய ஆளுநரும்

“உங்கடை ஆக்களுக்கு ஏன் பிள்ளை பிரபுக்களின்ரை கதை? அது ஆண்ட குடும்பங்கள் பாக்கிற விசயமெல்லே.”

பாரிசின் லாச்சப்பலில் அப்பா வேலை செய்த பலசரக்குக் கடையின் முதலாளி, கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி இதைக் கேட்டார். வரலாற்றில் முதுகலைக்கு இடம் கிடைத்த செய்தியை அன்றுதான் கடையில் வந்து சொல்லியிருந்தேன். ரஷ்யப் பேரரசின் நிர்வாகத்தில் நான்கு தலைமுறையாகப் பதவி வகித்த ஒரு பிரபுக் குடும்பத்தைப் பற்றி ஆராயப்போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “ரஷ்யா பாக்கவேணுமெண்டால் மெத்ரோவிலை அடுத்த தரிப்பிலை இறங்கும். ஸ்டாலின்கிராட் வரும்” என்றார். வரிசை சிரித்தது. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவும் சிரித்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ‘உங்கடை ஆக்கள்’ என்பதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்பாவும் முதலாளியும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர். முதலாளி குடும்பத்தின் வளவில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அந்த ஊர்க் கோவிலுக்குள் போகாத, அந்த ஊர்க் கிணற்றில் அள்ளாத குடும்பம். அப்பா முதலாளியைவிட வயதில் மூத்தவர். கடையில் மற்றவர்கள் அவரை அண்ணை என்பார்கள். முதலாளி மட்டும் ‘நீ’ என்பார். அப்பா அவரை ‘ஐயா’ என்பார். நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியபின் என்னை ‘நீர்’ என்று அழைக்கத் தொடங்கினார் முதலாளி. அந்த அரைப்படி உயர்வில் அப்பாவுக்குப் பெருமை. எனக்கு அது போதவில்லை.

எங்கள் வீடும் அவருடையதுதான். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறை. வேலையோடு சேர்ந்து வந்த வீடு. ஒப்பந்தம் என்று எதுவும் எழுதியதில்லை. அம்மா விடியமுதல் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய்விடுவார். நான் சன்னலோரம் இருந்து படிப்பேன். மேம்பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பை அதிரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை.

ஏன் அந்தக் குடும்பம் என்று பேராசிரியரும் கேட்டார். அவருக்கு ஆய்வு மொழியில் ஒரு பதில் சொன்னேன். உண்மையான பதில் வேறு. ஆண்டவர்களின் வீட்டை எங்கள் ஆட்கள் வேலிவாசல் படலைக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். உள்ளே என்ன பேசினார்கள், சாப்பிட்ட பிறகு எங்களைப் பற்றி என்ன தீர்மானித்தார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆளும் குடும்பம் ஒன்றின் உட்புறத்தை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எங்கள் ஊருடையது கிடைக்கவில்லை. ரஷ்யாவுடையது கிடைத்தது.

அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதல் தலைமுறைக்காரர் பேரரசின் செனற்றில் இருந்தார். அவருடைய மகன் உள்நாட்டு அமைச்சில் மேலே மேலே ஏறினார். பேரன் வோல்கா ஆற்றங்கரை மாகாணம் ஒன்றுக்கு ஆளுநரானார். பேரனின் மகன் தலைநகரில் அரச சபை உறுப்பினரானார், புரட்சி வந்ததும் மனைவியோடும் சில பெட்டிகளோடும் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அந்த நாட்டில் அரச ஊழியர்களைப் பதினான்கு படிகளாகப் பிரித்திருந்தார்கள். எந்தப் படியில் இருப்பவரை எப்படி விளித்து அழைக்க வேண்டும் என்பதும் சட்டம். ஒரு படி மேலே இருப்பவரைக் கீழ்ப்படிக்குரிய சொல்லால் அழைத்துவிட்டால் அது வாய் தவறியதாக எடுத்துக்கொள்ளப்படாது. வகுப்பில் இதைக் கேட்ட பிரெஞ்சு மாணவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள முயற்சியே தேவைப்படவில்லை.

நான் அதிகம் வாசித்தது ஆளுநரானவரைப் பற்றி. உக்ரேன் போரால் ரஷ்யாவுக்குப் போக வழியில்லாமல் போனதால், இங்குள்ள நூலகம் ஒன்றில் பழைய ஆவணங்களைப் படமெடுத்து வைத்த படச்சுருள்களில் இருந்தவற்றை வைத்தே வேலை செய்தேன். ஓர் ஆளுநர் தன் மாகாணத்தில் எல்லாமாகவும் இருந்தார். காவல்துறை அவர் கையில், சிறைகள் அவர் பார்வையில், படைக்கு ஆள் சேர்ப்பது, வரி பிரிப்பது, தானியக் களஞ்சியங்களைப் பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர் சொல்லில். வருடத்துக்கு ஒருமுறை பேரரசருக்கு நேரடியாக அறிக்கை எழுதவேண்டும். பேரரசர் அதை வாசித்து, ஓரத்தில் பென்சிலால் ஏதாவது குறிப்பார். பெரும்பாலும் ஒரு கீறல், அல்லது ஒரு சொல். அந்தப் பென்சில் குறி அழிந்துவிடாமலிருக்க அதன்மேல் வார்னிஷ் பூசி வைத்தார்கள். படச்சுருளில் அந்த இடம் மட்டும் கறுத்த திட்டாகத் தெரியும். ஒரு கீறலுக்கு வார்னிஷ். அதே பக்கத்தில், சவுக்கடி வாங்கியவர்களின் கிராமத்துக்குப் பெயர்கூட இல்லை.

அறிக்கைகளில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வந்தது. மாகாணத்தில் அமைதி நிலவுகிறது. முதல் சில வருட அறிக்கைகளை வாசித்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு அதே காலத்தின் செய்தித்தாள்களைப் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழகினேன். கீழ்ப்படியாத ஒரு கிராமத்தை ஆளுநர் உடனே அடிக்கமாட்டார். முதலில் அந்த ஊர்ச் சந்தை நின்றுபோகும். பிறகு காட்டில் விறகு பொறுக்கும் உரிமை போகும். பிறகு தானியக் களஞ்சியத்தின் சாவி வேறொருவர் கைக்கு மாறும். எதற்கும் காரணம் சொல்லப்படாது, யாரும் கோபமாகப் பேசமாட்டார்கள். கடைசியில்தான் படை வரும். வந்த படை அந்தக் குடியானவர்களின் வீடுகளிலேயே தங்கி, அவர்களுடைய தானியத்தையே தின்னும். அந்த வருட அறிக்கையிலும் அமைதிதான் நிலவும்.

ஆளுநரின் வண்டி போகும் பாதையில் தொப்பியைக் கழற்றாமல் நின்ற ஒரு குடியானவருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். அது அந்நாள் செய்தித்தாளிலேயே வந்த விடயம், ஒளித்து வைக்கப்பட்டதல்ல. என்னை உறையவைத்தது அதற்குப் பிறகு வந்த செய்தி. அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்ததற்காக அந்தக் கிராமமே திரண்டு வந்து ஆளுநருக்கு நன்றி சொல்லியிருந்தது. ரொட்டியும் உப்பும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் பாரிசில் இருந்தார். பேராசிரியர் மூலம் ஒருமுறை அவரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர், மிகவும் மரியாதையானவர். எனக்குத் தானே தேநீர் ஊற்றி, பழப்பாகு வைத்தார். சுவரில் ஆளுநரின் படம் இருந்தது. தொப்பிச் சம்பவத்தை மெதுவாகக் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர்கள் அன்பினால் தொப்பியைக் கழற்றினார்கள், மத்மோசேல், என்றார். அதன்பிறகு வெளியில் மழை வருமா என்று கேட்டார். அடுத்த முறை எழுதியபோது பதில் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் முதலாளியின் தகப்பனார் பாரிசில் காலமானார். கடை மூடப்பட்டது. அப்பா கண்ணாடிக் கதவில் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார். சில நாட்களின் பின் முதலாளி என்னைக் கீழே கூப்பிட்டார். கடைக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில், ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவே, எனக்கு நாற்காலி போட்டார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடிப்பார்கள். முன்பு கல்வெட்டு என்பார்கள். குலமுறை, வாழ்க்கை வரலாறு, வெண்பாக்கள், தேவாரம், பேரப்பிள்ளைகள் எழுதிய கண்ணீர் வரிகள் எல்லாம் அதில் இருக்கும். அதில் வரும் யாரும் வாழ்நாளில் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. முதலாளியின் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்து மணியகாரர். ஒரு பகுதியின் வரி, காணி, காவல் எல்லாவற்றையும் மேற்பார்த்த உள்ளூர் அதிகாரி. மலரில் அவருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார் முதலாளி.

“நீர் அந்த ரஷ்யாக்காரரை எழுதிற மாதிரி எழுதும். ஆண்ட குடும்பமெண்டால் எப்பிடி எண்டு இஞ்சை இருக்கிற சனத்துக்கும் விளங்கவேணும்.”

சம்மதித்தேன். அந்தக் கதை எங்கள் ஆட்களுக்கு எதற்கு என்று கேட்டவர், தன் கதையை எழுதச்சொல்லி என்னிடம் வந்திருக்கிறார் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அவர் தந்த குறிப்புகளில் பதவிகள், நிலங்கள், கோவில் தேருக்குக் கொடுத்த வடம், வெள்ளைக்காரத் துரை பரிசளித்த கைத்தடி என்று எல்லாம் இருந்தன. மணியகாரர் எப்படிப்பட்ட மனிதர் என்பது மட்டும் இல்லை. அதனால் அப்பாவைக் கேட்டேன். பதவி போய், கிழவராகி, அப்போதும் ஊரால் மணியகாரர் என்றே அழைக்கப்பட்ட காலத்தில் அப்பா அவரைப் பார்த்திருந்தார். சின்ன வயதில் தன் தகப்பனுக்குப் பின்னால் அந்தப் படலைக்குப் போயிருந்தார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகள் மணியகாரரைப் பற்றி எழுதுகிறாள், அதில் தன்னுடைய வாய்ச்சொல்லும் வரப்போகிறது.

“மணியகாரர் நல்ல மனுசன். மற்ற வளவுகளிலை எங்களுக்கு வேலைக்காரர்தான் தண்ணி வார்ப்பினம். இவர் தானே செம்போடை படலைக்கு வருவார். நாங்கள் சால்வையை எடுத்துக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு, குனிஞ்சு கையை ஏந்துவம். தெறிக்காமல் வார்ப்பார்.”

தெறிக்காமல் என்று சொன்னபோது அப்பா கைகளை ஏந்திக் காட்டினார். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “இதையெல்லாம் எழுதப்போறியே?” என்று கேட்டார். நான் எழுதினேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுத்துத் தமிழுக்கு மட்டும் மாற்றினேன். மூன்றாம் பக்கத்தில், தேர்வடத்துக்கும் கைத்தடிக்கும் நடுவில் வைத்தேன். அது என்ன செய்யும் என்று தெரிந்தே வைத்தேன்.

இரண்டு நாளில் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலியில் அரிசிப் பைகள் இருந்தன. நின்றுகொண்டேன். அவர் தாள்களை விரித்து வைத்திருந்தார்.

“இதை ஆர் சொன்னது?”

“அப்பா.”

“அவன் இதைப் புகழ்ச்சியாத்தான் சொல்லியிருப்பான்.”

“ஓம். நானும் புகழ்ச்சியாத்தான் எழுதியிருக்கிறன்.”

“அப்ப இதை எடுத்துப்போட்டு வேறை புகழ்ச்சியொண்டு போடும்.”

“அப்பாவிட்டை வேறை இல்லை.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திராது. தாள்களை ஒழுங்காக அடுக்கினார். அந்தக் காலத்தில் சனம் மரியாதையினால் அப்படி நின்றது, இப்போது எழுதினால் வேறு மாதிரிக் கிடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். மரியாதை என்ற சொல்லை அவர் சொன்னபோது பழப்பாகுக் கரண்டி கீழே வைக்கப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வசனம் இருந்தால்தான் என் பெயர் இருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். நான் கதவைத் திறக்கும்போது, “மேலை வீடு சூடாக் கிடக்கோ பிள்ளை? குளிர் வருதெல்லே” என்று கேட்டார்.

கிடக்கு என்றேன். படியேறி மேலே போய் வெப்பமூட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் மதியச் சாப்பாடு பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் ஒரு மண்டபத்தில். அப்பாவும் நானும் புகையிரதத்தில் போனோம், அம்மாவுக்கு வேலை. கடையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் எங்களுக்கு முன்னாலிருந்த ஆசனத்திலிருந்து, முதல்நாளே கடைக்கு வந்திருந்த மலர்களில் ஒன்றை நீட்டினார். நல்ல தாள், வண்ண அட்டை. மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். அப்பாவின் வசனம் இருந்த இடத்தில் ‘ஏழை எளியோரின் தாகம் தீர்த்த வள்ளல்’ என்று இருந்தது. நான்காம் பக்க முடிவில் என் பெயர், அதன் கீழே வரலாற்று ஆய்வாளர் என்ற பட்டம்.

அப்பாவுக்கு வாசிக்க வராது. “என்ரை கதை எதிலை கிடக்கு?” என்று கேட்டார். இல்லை, எடுத்துவிட்டார்கள் என்றேன். ஏன் என்றார். அது பொருந்தவில்லையாம் என்றேன். அப்பா மலரை வாங்கி மூடி, என்னிடம் திருப்பித் தந்தார்.

மண்டப வாசலில் முதலாளி பட்டு வேட்டியுடன் நின்று, வருபவர்களுக்குத் தன் கையாலேயே மலர் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாடுகளிலிருந்து வந்த உறவினர், கடைக்காரர்கள், சங்கத்துப் பெரியவர்கள் என்று வாசல் நிறைய ஆட்கள். எங்கள் முறை வந்தது. அப்பா கழுத்தில் அம்மா வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை இருந்தது. அப்பா அதைக் கழற்றினார். நிதானமாக மடித்தார். கக்கத்தில் வைத்தார். பிறகு முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து, தண்ணீருக்கு ஏந்துவது போல முதலாளிக்கு முன்னால் ஏந்தினார்.

அங்கே நின்ற வயதானவர்கள் எல்லாருக்கும் அது என்ன என்று தெரிந்தது. பேச்சு நின்றதிலிருந்து விளங்கியது. முதலாளியின் அண்ணன் மகள், இங்கேயே பிறந்தவள், தாயிடம் பிரெஞ்சில் இவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்டாள். தாய் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். முதலாளியின் கையில் மலர் இருந்தது. கொடுக்காமல் இருக்கவும் முடியாது, அந்தக் கைகளில் கொடுக்கவும் முடியாது. மலரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். பிறகு மலரை அப்பாவின் ஏந்திய கைகளுக்குள் வைத்தார். அவருடைய விரல்கள் அப்பாவின் கையில் படவில்லை.

“நல்லா இருங்கோ ஐயா” என்றார் அப்பா.

சாப்பிட்டோம். யாரும் எங்கள் மேசைக்கு வரவில்லை. திரும்பி வரும்போது புகையிரதத்தில் அப்பாவிடம் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சால்வையைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னது நடக்கேல்லை எண்டு போகக்கூடாதெல்லே.”



அடுத்த வாரம் மூன்றாம் மாடிப் படிக்கட்டின் மின்குமிழ் அணைந்தது. மற்ற மாடிகளில் எரிந்தது. முதலாளியிடம் சொன்னோம். பார்ப்பம் என்றார். அதற்கடுத்த வாரம் அப்பாவைக் கடைத் தளத்திலிருந்து எடுத்து ‘காவ்’ என்று எல்லாரும் சொல்லும் நிலவறைக்கு அனுப்பினார்கள். மூட்டை அடுக்கும் வேலை. முன்வாசலால் வராமல், குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்வாசலால் வரச் சொன்னார்கள். அண்ணை என்று கூப்பிட்டவர்கள் இப்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு தேங்காய் விலைக்கு மாறும். முதலாளி மட்டும் முன்பைவிட மரியாதையாக இருந்தார். என்னைக் காணும்போதெல்லாம் வீடு சரியோ பிள்ளை என்று கேட்டார்.

ஆளுநரின் கதையில் அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சந்தை, விறகு, சாவி. படச்சுருளை மெல்லச் சுற்றிக்கொண்டு போனால் அடுத்த படத்தில் என்ன வரும் என்று தெரிந்தவளின் பயம் அது. தெரியாதவளின் பயத்தைவிட அது மோசமானது. நூலகத்தில் அமைதி நிலவுகிறது என்ற வசனம் வரும் பக்கங்களில் நிறுத்திவிட்டு, இந்த நேரம் லாச்சப்பலில் எது அணைந்திருக்கும் என்று யோசிப்பேன்.

ஒரு காலை, கீழ்மாடியில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் எங்களுடையதில் பெயர் இல்லை. கிழித்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. இந்த நகரத்தில் பெயரில்லாத பெட்டிக்குத் தபால்காரர் ஒன்றும் போடமாட்டார். அப்பாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க அழைப்புக் கடிதம் வரவேண்டிய காலம் அது. அந்த நாளைத் தவறவிட்டால் அட்டை போகும், அட்டை போனால் வேலை போகும், பிறகு நாட்டில் இருப்பதற்கே காரணம் கேட்பார்கள். புதிதாக எழுதி ஒட்டினேன். மறுநாள் அதுவும் இல்லை. மீண்டும் ஒட்டினேன்.

சட்டம் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் எழுதாவிட்டாலும் இத்தனை வருடம் இருந்தவர்களை எழுப்ப முடியாது, குளிர்காலத்தில் எழுப்பவே முடியாது என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். வழக்கறிஞரிடம் போகலாம் என்றேன். அப்பா அவர் எங்களைப் போகச்சொல்லவில்லையே என்றார். அதுதான் உண்மை. யாரும் எங்களைப் போகச்சொல்லவில்லை. ஆளுநரும் யாரையும் ஊரைவிட்டுப் போகச்சொன்னதில்லை.

அம்மாதான் என்னிடம் சண்டைக்கு வந்தார். “வசனத்திலை என்ன கிடக்கு? இஞ்சை வீடு கிடக்கு, கொப்பரின்ரை வதிவிடக் கார்த் கிடக்கு. போய் அந்தாளிட்டை மன்னிப்புக் கேள்.” கேட்கமாட்டேன் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “படிச்ச திமிர்” என்றார். ஓம் என்றேன். அம்மா கோபத்திலும் லேசாகச் சிரித்துவிட்டார். அன்று மாலை அவரே ஒரு அட்டைத் துண்டை வெட்டி, எழுது, நாளைக்கு நான் வேலைக்குப் போகும்போது ஒட்டிவிட்டுப் போகிறேன் என்றார். அதன்பிறகு விடியமுதல் அம்மா ஒட்டுவார். பகலில் யாரோ கிழிப்பார்கள். யார் என்று நாங்கள் ஒருநாளும் காணவில்லை. அழைப்புக் கடிதம் அந்த இடைவெளிகளில் ஒன்றில் வந்து சேர்ந்தது. அப்பாவின் அட்டை தப்பியது. அன்று நாங்கள் மூவரும் சமையலறையில் நின்றபடியே தேநீர் குடித்தோம். கீழே இருந்து மூட்டை இறக்கும் சத்தம் வந்தது.

ஆனால் மூன்றாம் மாடியில் வெளிச்சம் வரவில்லை. பிறகு வெப்பமூட்டியும் குளிர்ந்தது. நிலவறை ஈரத்தில் அப்பாவுக்கு இருமல் பிடித்தது. இருமிக்கொண்டே படியேறி வருபவரின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் இருட்டில் எந்தப் படியில் இருக்கிறார் என்று கணிப்போம்.

இந்த வசந்தத்தில் முனைவர் ஆய்வுக்குச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. ஆய்வு அதே குடும்பம்தான். ஆளும் முறை மட்டும் இப்போது தலைப்பிலேயே இருக்கிறது. யாரிடமிருந்து எது முதலில் எடுக்கப்பட்டது, நன்றி சொல்ல வந்தவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பது. முன்னுரையின் முதல் பத்தியில் மணியகாரர் வீட்டுப் படலை வருகிறது. அப்பா சொன்னபடியே, தெறிக்காமல் என்ற சொல்லோடு. பேராசிரியர் இது ரஷ்யா இல்லையே என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்தச் சம்பளத்தைக் காட்டி, புறநகரான திரான்சியில் ஒரு வீடு எடுத்தேன். என் பெயரில், ஒப்பந்தத்தோடு. அப்பாவிடமும் அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. நேற்று கடையைத் தாண்டிப் போகும்போது, திரான்சிப் பக்கம் எங்கடை ஆக்கள் நிறைய இருக்கினம் பிள்ளை என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சாவி வாங்கப் போன அன்று அங்கே இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தமிழ் அம்மா இறங்கி வந்தார். நல்ல முகம். தமிழ்ப் பிள்ளையோ என்று மகிழ்ந்தார், தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பிள்ளை, நீங்கள் ஊரிலை எவடம்?”

ஊரைச் சொன்னேன். அவர் விடவில்லை. ஊரில் எந்தப் பக்கம், கோவிலுக்கு அங்காலையோ இங்காலையோ என்றார். எதற்காக அப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதில் கிடைத்ததும் தேநீர் என்னவாகும் என்பதும் தெரியும். அவசரமாக ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

வேலை இருந்தது. புதிய தபால் பெட்டிக்குப் பெயர் எழுத வெள்ளை அட்டையும் தடித்த கறுப்புப் பேனாவும் கொண்டு போயிருந்தேன். அப்பாவின் பெயரை முதலில் எழுதினேன், பிறகு அம்மாவின் பெயர், பிறகு என்னுடையது. அதற்குக் கீழே, தபால்காரருக்குத் தேவையில்லாத ஒரு வரியைத் தமிழில் எழுதினேன். எங்கள் ஊரின் பெயரும், அந்த ஊரில் எங்கள் ஆட்கள் மட்டும் இருக்கும் குறிச்சியின் பெயரும். மேலே வார்னிஷ் இல்லை, கண்ணாடி போன்ற ஒட்டுநாடாதான் இருந்தது. நான்கு பக்கமும் மடித்து, விளிம்பு தெரியாமல் நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.